சில்லறைக் குற்றங்களும் புதிய சட்டமும்: நாடாளுமன்றத்தில் உதிர்ந்த சில சொற்கள்

நம் சங்க மலருக்கு வழக்கமாக நான் எழுதித் தருவது சிந்தாமணி, கல்வெட்டு, வட ஆர்க்காட்டுச் சமணக் கோயில்கள் என்று இப்படித்தான் இருக்கும். இந்த முறை சட்டம் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவில் கொஞ்சம் யோசித்தார்கள். வக்கீல் எழுத வேண்டியதை வியாபாரி எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டே விட்டார். நான் வக்கீல் இல்லைதான். மும்பையில் நாற்பது வருஷமாக எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறவன். ஆனால் சட்டம் வக்கீல்களுக்காக மட்டும் இயற்றப்படுவதில்லையே! மசோதாவையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது, ஒரே பாடலின் இரண்டு சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பது மாதிரிதான். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. என்று நாம் சொல்லிவந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆயின. சினிமா பார்த்து நாம் மனப்பாடம் செய்த 302 இப்போது 103. 420 இப்போது 318. இந்த எண் மாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. கொலையும் கொள்ளையும் நம்மில் பெரும்பாலோருக்குப் பத்திரிகைச் செய்தியோடு சரி. நாம் நேரில் சந்திப்பது லோக்கல் ரயிலில் ஜேப்படி, காலை நடையில் சங்கிலிப் பறிப்பு, கடையில் கண்ணெதிரே மறையும் சாமான், குடித்துவிட்டு மாடிப்படியில் கலாட்டா பண்ணுகிற ஆள், இப்படிப்பட்ட சில்லறைக் குற்றங்களைத்தான். இவற்றுக்கு நாடாளுமன்றம் என்ன சொன்னது, சொல்ல வந்து எதை விட்டுவிட்டது என்பது நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர் மாறி வந்த குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய விஷயம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 11 அன்று, மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், உள்துறை அமைச்சர் அமித் ஷா மூன்று மசோதாக்களை மக்களவையில் வைத்தார். தண்டனைச் சட்டம், குற்ற விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்ற மூன்றுக்கும் பதிலாக மூன்று. அவை உள்துறைக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டன. அதன் தலைவர் பிரிஜ் லால், உத்தரப் பிரதேசத்தில் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்தவர். நம்மவர்களில் ப. சிதம்பரம், தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ ஆகியோர் அந்தக் குழுவில் இருந்து மாற்றுக் கருத்தும் எழுதிக் கொடுத்தார்கள். நவம்பரில் அறிக்கை வந்தது. பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, டிசம்பர் 12 அன்று திருத்திய மசோதாக்களைக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 25 குடியரசுத் தலைவர் ஒப்புதல். குரல் வாக்கெடுப்பில் முடிந்தது.

அந்தக் கூட்டத்தொடரில் இரண்டு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 13 அன்று அவைக்குள் புகைக்குப்பியோடு இருவர் குதித்தார்களே, அதற்கு விளக்கம் கேட்ட தகராறு அது. எந்தக் கட்சிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 140 கோடிப் பேருக்கான தண்டனைச் சட்டத்தைப் பாதி காலியான எதிர்வரிசைக்கு முன்னால் பேசி முடித்தார்கள் என்பது நடந்த சங்கதி. ஆகவே அவையில் நடந்த பேச்சைவிட, ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் மசோதாவில் மாறிய வார்த்தைகள்தான் நமக்கு அதிகம் சொல்கின்றன.

ஆகஸ்ட் மசோதாவில் 110 ஆவது பிரிவு ஒன்று இருந்தது. கூட்டுச் சேர்ந்து செய்கிற சில்லறைக் குற்றம் பற்றியது. பழைய இ.பி.கோ.வில் இப்படி ஒரு குற்றமே கிடையாது; புதிதாகப் பிறந்தது. அது ஆரம்பித்த விதத்தைப் பாருங்கள். குடிமக்களிடையே பொதுவாகப் பாதுகாப்பில்லை என்ற உணர்ச்சியை உண்டாக்குகிற குற்றம் எதுவோ அது என்று தொடங்கி, வண்டித் திருட்டு, ஜேப்படி, சங்கிலிப் பறிப்பு, கடைத் திருட்டு, ஏ.டி.எம். திருட்டு, கள்ள டிக்கெட் விற்பது, தேர்வு வினாத்தாள் விற்பது என்று நீளமாக அடுக்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒரு வால். இடம்விட்டு இடம் போகிற கூட்டங்கள், ஒரு வட்டாரத்தில் ஆட்களைப் பழக்கம் பிடித்து, தங்க இடமும் உதவியும் ஏற்படுத்திக்கொண்டு, கொஞ்ச காலம் பல குற்றங்கள் செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் அதுவும் இதில் அடங்கும் என்று அந்த வால் சொன்னது.

இந்த இரண்டு இடத்திலும் நான் பென்சிலால் கோடு போட்டேன்.

முதலாவது, உணர்ச்சி. பாதுகாப்பில்லை என்ற உணர்ச்சி யாருக்கு வர வேண்டும்? எத்தனை பேருக்கு? எதிர் வீட்டு மாமிக்குத் தெருவில் புது முகம் யாரைப் பார்த்தாலும் அந்த உணர்ச்சி வந்துவிடும். இங்கிலாந்தில் இப்படித்தான் 1998 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிறருக்குத் தொல்லையோ கலக்கமோ மன வேதனையோ தரக்கூடிய நடத்தை என்று நீதிமன்றம் கருதினால் ஒரு தடை உத்தரவு போடலாம். அந்த நடத்தை தன்னளவில் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உத்தரவை மீறினால் 5 ஆண்டுவரை சிறை! அந்த உத்தரவு முறையை 2014 இல் வேறொரு சட்டம் வந்து மாற்றியது. அடுத்தவன் மனசில் தோன்றுவதை அளவுகோலாக வைத்தால், தராசுத் தட்டு யார் கையில் இருக்கிறதோ அவன் பக்கம்தான் சாயும். கடையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா?

இரண்டாவது, நகர்கிற கூட்டம். இது புதுச் சரக்கு அல்ல. 1860 இல் வெள்ளைக்காரன் எழுதிய இ.பி.கோ.வின் 401 ஆவது பிரிவிலேயே, வழக்கமாகத் திருடும் "அலைந்து திரியும் அல்லது வேறு" கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று வார்த்தை உண்டு. திருடுவது குற்றம் சரி. அதில் அலைந்து திரிவது எதற்கு வந்தது? பத்து வருஷம் கழித்து அதற்கு விடை வந்தது. 1871 இல் குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன் என்பதுபோல் திருடன் மகன் திருடன் என்ற வாதத்தை வைத்துக்கொண்டு, சாதி சாதியாகப் பெயர் பதிந்து, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆக்கினார்கள். முதலில் வடக்கே; பிறகு வங்காளம்; 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததை மதுரைப் பக்கத்து நண்பர்கள் மறக்க மாட்டார்கள். சென்னையில் 1947 இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனால் அதன் இடத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று பல மாநிலங்களில் வந்து உட்கார்ந்தது. பெயர்ப் பலகைதான் மாறிற்று என்று அந்தச் சமூகத்தார் இன்றும் சொல்கிறார்கள். சிறைக் கையேடுகளில்கூட அலைந்து திரியும் இனத்தார் என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கிற்று.

இந்த இடத்தில் எனக்குச் சிலப்பதிகாரம் நினைவு வராமல் இருக்குமா? கோவலன் யார்? புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்கப் போன வணிகன். அவனை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கவுந்தியடிகள் அடைக்கலம் தந்து மாதரியிடம் விட்ட இரண்டொரு நாள் பழக்கம்தான். காவலர்கள் அவனைப் பார்த்தவுடன், இவன் முகத்தில் திருட்டுக் களை இல்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் விடவில்லை. மருந்து, நிமித்தம், கருவி என்று கள்வர்க்கு எட்டுவகைத் துணை உண்டு என்று சாஸ்திரம் பேசினான். யாரும் கடைத்தெருவில் போய் விசாரிக்கவில்லை. சிலம்பின் ஜோடியைக் கேட்கவில்லை. படிப்பில்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். இளங்கோவடிகள் இந்தக் காட்சிக்கு ஒரு காதையே ஒதுக்கியிருக்கிறார். உள்ளூர் ஆளாக இருந்தால், நாலு பேர் இவனை எனக்குத் தெரியும் என்று ஓடி வந்திருப்பார்கள் அல்லவா? வெளியூர்க்காரனுக்கு இல்லாத செல்வம் அது ஒன்றுதான். 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியர்களை விரட்டக் கிளம்பிய நாட்களைப் பார்த்த பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, டிசம்பரில் என்ன ஆயிற்று? பிரிவு 112 ஆக அது திரும்பி வந்தபோது பாதுகாப்பின்மை உணர்ச்சியைக் காணோம். நகர்கிற கூட்டம் என்ற வாலையும் காணோம். ஒரு கூட்டத்தின் உறுப்பினராக இருந்து தனியாகவோ சேர்ந்தோ திருட்டு, பறிப்பு, ஏமாற்று, அனுமதியில்லாத டிக்கெட் விற்பனை, சூதாட்டம், வினாத்தாள் விற்பனை அல்லது இதுபோன்ற வேறு குற்றச் செயல் செய்தால் என்று சுருங்கிவிட்டது. தண்டனை 1 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுவரை. பழைய 401 க்குப் பதிலாக வந்த 313 ஆவது பிரிவிலும் "அலைந்து திரியும்" என்ற சொல் இல்லை. 160 ஆண்டுக்கு மேல் இருந்த சொல். இதை எந்தத் தொலைக்காட்சியும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது.

ஆனாலும் கூட்டம் என்றால் எத்தனை பேர் என்று 112 சொல்லவில்லை. அதற்கு முந்திய 111, பெரிய அளவிலான கூட்டுக்குற்றம் பற்றியது; அதில் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் என்றும், பத்தாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும் என்றும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். சில்லறைக் குற்றத்துக்கு அந்த வேலி கிடையாது. "இதுபோன்ற வேறு" என்பதற்கும் எல்லை கிடையாது. மே மாத லீவுக்கு ஊர் போக டிக்கெட் இல்லாமல் நாம் ஓடிப்போய்ப் பிடிக்கிற ஏஜண்ட் பையன், கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து அனுமதியில்லாமல் விற்றால் 112 இல் வரக்கூடும். நான்கு பேர் சேர்ந்த கூட்டமா, சும்மா ஒரே அறையில் தங்கியிருக்கிற நான்கு பையன்களா என்பதைக் காவல் நிலையத்தில் பேனா பிடித்தவர்தான் முதலில் தீர்மானிக்கிறார்.

என் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மூவாயிரத்துச் சொச்சம் விலையுள்ள குக்கர் ஒன்று காணாமல் போயிற்று. வந்த காவலர் கேட்ட முதல் கேள்வி, "பையன்களில் புதுசாக வந்தது யார்? எந்த ஊர்?" என்பதுதான். கேமராவைப் போட்டுப் பார்த்தால், நல்ல உடுப்பில் வந்த இரண்டு பேர். ஒருவர் இட்லிக் கொப்பரைக்கு விலை பேசிக்கொண்டே நிற்க, மற்றவர் குக்கரைப் பைக்குள் இறக்குகிறார். அந்தக் காவலர் கெட்டவர் அல்ல. கேள்வி அவருக்குப் பழகிப்போனது.

இந்த ஒரு குக்கருக்குச் சட்டத்தில் எத்தனை கதவுகள் என்று பாருங்கள். சாதாரணத் திருட்டு என்று 303 போட்டால், பொருளின் மதிப்பு ரூ. 5,000 க்குக் கீழே, முதல்முறைக் குற்றவாளி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அது மட்டுமில்லை, 5,000 க்குக் கீழ்ப்பட்ட இந்தத் திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் சேர்ந்துவிட்டது. மும்பையில் "என்.சி." எழுதிக் கொடுப்பது என்று சொல்வோமே, அந்த வகை. பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305 போட்டால் 7 ஆண்டுவரை. இரண்டு பேர் கூட்டாகச் செய்தது என்று 112 போட்டால் குறைந்தது 1 ஆண்டு. அதே குக்கரைக் கடைப் பையன் எடுத்திருந்தால் வேலைக்காரன் திருட்டு, 306. அதற்கும் 7 ஆண்டுவரை. வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், பத்தாயிரம் சம்பளப் பையனுக்கு ஒரு நியாயம் என்பது இ.பி.கோ. காலத்திலிருந்தே வருகிறது. நம்பிக்கைத் துரோகம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை.

சங்கிலிப் பறிப்புக்கு வருவோம். இ.பி.கோ.வில் பறிப்பு என்று தனிக் குற்றம் கிடையாது. திருட்டு என்றோ, அடித்துப் பிடுங்கினால் வழிப்பறி என்றோ அவரவர் இஷ்டத்துக்கு வழக்குப் போட்டார்கள். ஹரியானா, குஜராத் போன்ற மாநிலங்கள் பொறுக்க முடியாமல் தாங்களே திருத்தம் கொண்டுவந்தன. இப்போது 304 இல் நாடு முழுவதுக்கும் ஒரே விளக்கம் வந்துவிட்டது. திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பிடுங்கினால் பறிப்பு, 3 ஆண்டுவரை சிறை. நம் வீட்டுப் பெண்கள் 3 ஆண்டு போதாது என்கிறார்கள். சாதாரணத் திருட்டுக்கும் அதே 3 ஆண்டுதான் என்று பார்க்கும்போது அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகையை உருக்கி வாங்குகிறவன் இல்லாமல் பறிக்கிறவன் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 317. அதுவே தொழிலாக இருந்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தில், களவாமை விரதத்துக்கு வரும் ஐந்து குறைபாடுகளில் திருட்டுப் பொருளை வாங்குவதும் ஒன்று. கள்ளத் தராசும் கலப்படமும் அதே பட்டியலில் உண்டு. திருடனை ஏவுகிறவனையும், அவன் கொண்டுவந்ததை வாங்குகிறவனையும் அந்தப் பட்டியல் முதலிலேயே நிறுத்துகிறது. நாடாளுமன்றப் பேச்சில் பறிக்கிற கையைப் பற்றிப் பேசிய அளவு, வாங்குகிற கையைப் பற்றிப் பேசவில்லை.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வதற்குப் பழைய அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்! 1860 இல் அது பெரிய தொகை. இப்போது 355 இல் 24 மணி நேரம் காவல் அல்லது ரூ. 1,000 அபராதம் அல்லது சமூக சேவை. பொதுத் தொல்லைக்கு 200 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று. சமூக சேவை என்றால் என்ன என்று ஆகஸ்ட் மசோதாவில் விளக்கமே இல்லை. பிறகு விசாரணை முறைச் சட்டத்தின் 23 ஆவது பிரிவில், சமூகத்துக்குப் பயன்படும், கூலி இல்லாத வேலை என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியைக் கூட்டுவதா, மரம் நடுவதா என்பதை நீதிபதிதான் சொல்ல வேண்டும்.

மும்பைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் "தடீபார்". 1951 ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 55 முதல் 58 வரையான பிரிவுகளில், ஒருவரை 2 ஆண்டுவரை ஊருக்கு வெளியே அனுப்ப போலீஸ் அதிகாரியே உத்தரவு போடலாம். மூன்று புதுச் சட்டங்களும் இதைத் தொடவில்லை. இது மாநிலச் சட்டம். தொல்லைக்காரன் தெருவைவிட்டுப் போனால் நமக்கு நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் எங்கே போவான்? அடுத்த ஊருக்குத்தான். அந்த ஊரில் அவன் அலைந்து திரிகிறவன்! 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நடமாடும் உரிமையைப் பறிப்பதால் இது அசாதாரணமான நடவடிக்கை, தகுந்த ஆதாரமில்லாமல் செய்யக் கூடாது என்று ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிற்று. அதற்கு நாற்பது ஆண்டு முன்னால், தில்லியில் தண்ணீர் விற்ற ஒருவர் வழக்கு உண்டு. போலீசுக்காகச் சுமார் 3,000 வழக்குகளில் சாட்சி சொல்லியிருப்பதாக அவரே உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். இனிமேல் சொல்ல மாட்டேன் என்றதும் அவரை ஊர்விலக்கம் செய்யக் கிளம்பினார்களாம். நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அதைக் கேட்டது, நடவடிக்கை கைவிடப்பட்டது.

புதிய சட்டம் அமலுக்கு வந்த முதல் நாளையும் சொல்லி முடிக்கிறேன். 2024 ஜூலை 1, நள்ளிரவு கழிந்து சற்று நேரம். புது தில்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைமேம்பாலத்தின் கீழே தள்ளுவண்டியில் தண்ணீரும் புகையிலையும் விற்ற ஒருவர் மேல், பொதுவழியை மறித்ததாக 285 ஆவது பிரிவில் வழக்குப் பதிந்தார்கள். அபராதம் ரூ. 5,000 வரை போகக்கூடிய குற்றம், இ.பி.கோ.வில் அது 200 ரூபாய். அவர் பீகாரிலிருந்து வந்தவர். பத்திரிகைகளெல்லாம் இதுதான் புதுச் சட்டத்தின் முதல் வழக்கு என்று எழுதின. அன்றே உள்துறை அமைச்சர் மறுத்தார். முதல் வழக்கு குவாலியரில் 12.10 க்குப் பதிவான மோட்டார் சைக்கிள் திருட்டு என்றார். தள்ளுவண்டிக்காரர் மீதான வழக்கைப் போலீசார் மறுபரிசீலனை செய்து தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றும் அவரே சொன்னார்.